முதுகு மாறிய பேரரசிகள்

முதல் நாணயத்தைப் புரட்டியபோதே அருங்காட்சியகப் பதிவாளருக்கு ஏதோ தவறு என்று தெரிந்துவிட்டது.

முகப்பக்கம் அச்சு அசலாகச் சரியாக இருந்தது. உச்சியில் கொண்டை கட்டிய மூத்த ஃபாஸ்டினா, ரோமாபுரிப் பேரரசி. கன்னத்தில் மயிரிழைபோல ஒரு கீறல், கழுத்தோரம் கடுகளவு கறுப்பு. நான்கு வருடங்களுக்கு முன் எடுத்த படத்திலும் அதே கீறல், அதே கறுப்பு. ஆனால் படத்தில் இந்த நாணயத்தின் பின்பக்கம் தீப்பந்தம் ஏந்தி நின்றவள் சீரிஸ், விளைச்சலின் தேவி. இப்போது கையில் இருப்பதிலோ முக்காடிட்டுச் செங்கோல் பிடித்த ஜூனோ நிற்கிறாள்.

அவள் நாணயத்தைத் தட்டில் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி எடுத்துப் பார்த்தாள். ஜூனோ அசையவில்லை.

அந்தச் சின்ன அருங்காட்சியகத்தில் பெருமை பேச இருந்த ஒரே பொருள் இந்தத் தட்டுதான். பச்சைத் துணி ஒட்டிய மரத்தட்டு. அதில் வட்ட வட்டமாகக் குடைந்த முப்பத்தைந்து குழிகள்: ஐந்து வரிசை, வரிசைக்கு ஏழு. ஒவ்வொரு வரிசையும் ஒரு பேரரசிக்கு. முதல் வரிசை மூத்த ஃபாஸ்டினா, அடுத்தது அவள் மகள் இளைய ஃபாஸ்டினா, அப்புறம் லூசில்லா, கிறிஸ்பினா, கடைசியில் தொப்பிபோல அலையலையாகக் கூந்தலை வாரிய ஜூலியா டோம்னா. வெள்ளி நாணயங்கள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது, மூன்று கிராமுக்குக் கூடக் குறைய எடை. முன்பக்கம் பேரரசியின் முகம். பின்பக்கம் அவளுக்குத் துணையாக ஒரு தேவி. வீனஸ், வெஸ்டா, ஜூனோ, சீரிஸ், டயானா என்று ஆள் மாறி ஆள். ஒரே வரிசையில் முகம் ஒன்றுதான். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துச் சொல்வது முதுகுப்பக்கத்துத் தேவிதான்.

அந்தத் தட்டு ஆறு மாதம் வேறொரு நகரத்து அருங்காட்சியகத்துக்கு இரவலாகப் போயிருந்தது. பேரரசிகளின் தலை அலங்காரம் பற்றி அங்கே ஒரு கண்காட்சி. கொண்டைதான் முக்கியம் என்பதால் நாணயங்கள் முகம் மேலே தெரியக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தன. முதுகை யாரும் புரட்டவில்லை. அனுப்பும்போது இவளும் முகத்தை மட்டும் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாள். திரும்பி வரும்போது மட்டும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்று காப்பீட்டுக்காரர்கள் புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்கள். இன்று மாலை நான்கு மணிக்குள் படிவம் போயாக வேண்டும்.

இரண்டாவது நாணயம். முகம் சரி, முதுகு வேறு. மூன்றாவதும் அப்படியே. நான்காவதைப் புரட்டினாள், வெஸ்டா, படத்திலும் வெஸ்டா. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் ஐந்தாவது கைவிரித்தது. முப்பத்தைந்தையும் பார்த்து முடித்தபோது காகிதத்தில் ஐந்தே ஐந்து சரிக்குறிகள் இருந்தன. நான்கு, பதினொன்று, பதினெட்டு, இருபத்தைந்து, முப்பத்திரண்டு. மீதி முப்பதும் தவறு.

முன்பக்கம் அதே நாணயம், பின்பக்கம் வேறு நாணயம். அது எப்படி முடியும்?

முடியும் என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் அவளை வாட்டியது. அசல் நாணயம் அடித்துச் செய்தது: இரண்டு உலோக அச்சுகளுக்கு நடுவில் வெள்ளி வில்லையை வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஒரே போடு. போலி பெரும்பாலும் வார்த்துச் செய்வது. அசலின் முகத்தை, காய்ந்ததும் இறுகிவிடும் பசையில் அழுத்தினால் ஒரு வார்ப்பச்சு கிடைக்கும். முதுகை அழுத்தினால் இன்னொன்று. இரண்டையும் ஒட்டி, ஓரத்தில் துளை விட்டு, உருகிய வெள்ளியை ஊற்றினால் நாணயம் தயார். கன்னத்துக் கீறல், கழுத்துக் கறுப்பின் பள்ளம் எல்லாம் அப்படியே விழும். அதனால் கீறல் ஒத்துப்போவது அசல் என்பதற்குச் சாட்சி இல்லை. இப்போது ஒருவன் முப்பத்தைந்து முக வார்ப்பச்சுகளையும் முப்பத்தைந்து முதுகு வார்ப்பச்சுகளையும் மேசையில் பரப்பி வைத்து, அவசரத்தில் ஜோடி மாற்றி ஒட்டிவிட்டால்?

இதோ இப்படித்தான் வரும்.

அந்த எண்ணத்தைச் சோதித்தும் பார்த்தாள். படத்தில் முதல் நாணயத்துக்கு இருந்த சீரிஸ் எங்கே போனாள் என்று தேடினாள்; ஏழாம் நாணயத்தின் முதுகில் இருந்தாள். இரண்டாம் வரிசையில் ஒன்பதாவதின் வீனஸ் பதின்மூன்றாவதில் அகப்பட்டாள். ஆக, தேவிகள் யாரும் காணாமல் போகவில்லை. ஜோடிதான் மாறியிருக்கிறது. அதற்கு மேல் தேட அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டே போதுமாக இருந்தது.

உருப்பெருக்கியை எடுத்து விளிம்புகளைப் பார்த்தாள். வார்த்த நாணயத்தின் விளிம்பில் இரண்டு பாதியும் ஒட்டிய இடத்தில் ஒரு கோடு இருக்கும். அதை அராவித் தேய்த்தாலும் தடம் மிஞ்சும். முதல் நாணயத்தில் ஒரு கோடு தெரிந்தது. பழைய வெள்ளியில் தானாக விழும் வெடிப்பும் அப்படித்தான் இருக்கும் என்று தெரியாதவள் இல்லை. ஆனாலும் அன்று பார்த்த இடமெல்லாம் கோடாகவே தெரிந்தது. மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள்: வார்க்கும்போது மாட்டிய காற்றுக் குமிழியா, மண்ணுக்குள் கிடந்து அரித்ததா? தராசில் போட்டாள். மூன்று புள்ளி ஒன்று, மூன்று புள்ளி மூன்று, இரண்டு புள்ளி ஒன்பது. இருக்க வேண்டிய எடைதான். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய எடை கிடையாது. நான்கு வருடத்துக்கு முன் இங்கே கிராமின் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசே இல்லை. படம் மட்டும்தான் சாட்சி.

ஐந்து மட்டும் ஏன் சரியாக இருக்கின்றன என்பதற்கும் ஒரு பதில் கிடைத்துவிட்டது. அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துச் சோதித்தால் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஐந்தை மட்டும் அசலாக விட்டு வைத்திருக்கிறான். கெட்டிக்காரன்.

அந்தக் கெட்டிக்காரன் யார் என்பதை அவள் இன்னும் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

தட்டைக் கொண்டு போனதும் கொண்டு வந்ததும் ஒரே ஆள். பொருட்களைப் பொதிந்து கட்டி, வண்டியில் கூடவே போய், கை மாற்றிவிட்டு வருகிற வேலை. அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் மெழுகு. இங்கே வருவதற்கு முன் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் எட்டு வருடம் இருந்தவன். மெழுகில் பல் செய்து, அதற்கு மேல் அச்சு கட்டி, உலோகம் ஊற்றுவதுதான் அங்கே தொழில். கூடம் மூடியதும் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது இவள். ஏனென்றால் அவன் இவளுடைய கொழுந்தன். ஒரே வீடு: மாடியில் இவளும் கணவனும், கீழே அவன் குடும்பம்.

ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து வரிசையில் நின்றன. திரும்பி வரும்போது ரயில் ஒரு நாள் தாமதம் என்று சொல்லி, பெட்டியோடு எங்கோ ஒரு விடுதியில் தங்கினான். அதற்கு இரண்டு மாதம் முன்பு மாடிப்படிக்கு அடியில் குட்டி உலை ஒன்று வந்து உட்கார்ந்தது. என்னத்துக்கு என்று கேட்டால் "சும்மா அண்ணி, கை அரிக்குது" என்று சிரித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் வந்து, வெள்ளி எத்தனை சூட்டில் உருகும் என்று கேட்டவனும் அவன்தான். தொள்ளாயிரத்து அறுபது டிகிரி என்று விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தவள் தானேதான் என்பதை நினைத்தபோது அவளுக்குக் காது சூடானது.

வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. போட்டால் முப்பது போலிகளுக்கு அவள் பொறுப்பு. போடாவிட்டால் கொழுந்தன் கம்பிக்குப் பின்னால். எழுந்து இயக்குநர் அறைக்குப் போனாள்.

இயக்குநர் பயந்த சுபாவம். மழை பெய்தால் கூரையை அண்ணாந்து பார்ப்பவர். அவள் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை தண்ணீர் குடித்தார். யார் எடுத்து வந்தது என்று அவர் கேட்டதற்கு, நம் பொதிகட்டுபவர் என்று சொன்னாள். கொழுந்தன் என்ற சொல் வாயில் வரவில்லை. ரயில் தாமதத்தைச் சொன்னாள். பல் கூடத்தைச் சொன்னாள். உலையைச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தாள், அதுவும் வந்துவிட்டது.

அவனை வரச் சொன்னார்கள். கையில் ஒட்டும் நாடாவோடு வந்து நின்றான். அலுவலகத்தில் அவன் இவளை மேடம் என்பான், ஒரு கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. வீட்டில் அண்ணி.

"வீட்ல உலை வச்சிருக்கியாமே?" என்றார் இயக்குநர்.

"ஆமா சார். சின்னது."

"என்ன செஞ்ச அதுல?"

அவன் கொஞ்சம் நெளிந்தான். இவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ராணி செஞ்சேன் சார்" என்றான்.

இயக்குநரின் கையில் இருந்த தம்ளர் பாதி வழியில் நின்றது. "எத்தனை?"

"ஒண்ணுதான் சார். செஸ் ராணி. அண்ணன் செட்ல வெள்ளை ராணி தொலைஞ்சு போச்சு, ரெண்டு வருஷமா மருந்து பாட்டில் மூடிய வச்சு ஆடிட்டு இருக்காரு. அம்பதாவது பிறந்த நாளுக்குக் குடுக்கலாம்னு, உடைஞ்ச வெள்ளி ஸ்பூன உருக்கி... மேடத்துக்குத் தெரிய வேணாம்னு இருந்தேன். தெரிஞ்சா அண்ணனுக்குப் போயிடும்."

மூடியை வைத்து ஆடுவது உண்மை. அவளே அதைக் கேலி செய்திருக்கிறாள். இப்போது அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவன் காத்திருப்பது தெரிந்தது. ஆனால் அவளுக்கு ஓடிய எண்ணம் வேறு. ஒரு ராணியை வார்க்கத் தெரிந்தவனுக்கு முப்பது ராணிகளை வார்க்க எத்தனை நேரம் ஆகும்? இயக்குநர் மேசையில் கிடந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவனுடைய முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. என்ன விஷயம் என்று அப்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது.

நான்கு மணிக்குள் படிவத்தில் கையெழுத்து விழாவிட்டால் போலீசுக்குச் சொல்வதைத் தவிர வழியில்லை என்றார் இயக்குநர். அதுவரை அவன் வாசலில் காவலாளி பக்கத்தில் உட்காரட்டும். அவர்கள் வந்தால் காட்ட வேண்டும், எல்லா முதுகையும் படம் எடுத்து வைக்கச் சொன்னார். கண்ணாடிக் கதவு வழியாக அவன் முக்காலியில் உட்காருவது தெரிந்தது. தினமும் அவனோடு கிரிக்கெட் பேசும் காவலாளி அன்று செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

படமெடுக்கும் வேலையை விளக்கிவிட வேண்டும். நாணயத்தை விரலால் தொட்டால் விரலின் எண்ணெய் ஒட்டிக்கொண்டு நாளடைவில் கறுக்கும். உறை போட்டுக்கொண்டு முப்பத்தைந்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டி வைத்தாலும் எங்காவது ஒன்று கை நழுவும். அதனால் இங்கே ஒரு சுலபமான வழி உண்டு. முகம் மேலே தெரியும் தட்டின்மேல் அதே அளவில் குழி குடைந்த வெறும் தட்டு ஒன்றைக் கவிழ்த்து மூட வேண்டும். குழியும் குழியும் பொருந்தும். இரண்டையும் சேர்த்து இறுக்கிப் பிடித்து ஒரே புரட்டு. இப்போது மேலே வந்துவிட்ட பழைய தட்டைத் தூக்கினால் எல்லா நாணயமும் முதுகைக் காட்டிக்கொண்டு புதுத் தட்டில் இருக்கும். வரிசைக்கு ஒரு படம். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு படத்தையும் ஏழு துண்டாக வெட்டி இடமிருந்து வலமாக எண் கொடுத்தால் ஆயிற்று. நான்கு வருடத்துக்கு முன் ஒரே மதியத்தில், தனியாக, இப்படித்தான் எல்லாவற்றையும் எடுத்து முடித்தாள். அந்த வேகத்தை அவளே மெச்சிக்கொண்டதும் உண்டு.

வெறும் தட்டைக் கவிழ்த்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள். கைக்குப் பழக்கமான வேலை. புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவதுபோல இடமிருந்து வலமாகப் புரட்டினாள்.

மேல் தட்டைத் தூக்கப்போனவள் நின்றாள்.

தட்டின் பக்கவாட்டில், முதல் நாணயத்தின் மூலையில், ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. நகப்பூச்சால் வைத்தது. முன்பெல்லாம் கிடையாது, இரவலுக்குப் புறப்பட்டபோது கொழுந்தன் வைத்தான். "இது எப்பவும் இடது கைப் பக்கம் இருக்கணும் மேடம். பெட்டிய யாரு எப்படித் திருப்பினாலும் தலை எது வால் எதுன்னு தெரியணும்ல?" என்று சொல்லித்தான் வைத்தான்.

ஒரு நிமிடம் முன்பு அந்தப் புள்ளி அவளுடைய இடப்பக்கம் இருந்தது. இப்போது வலப்பக்கம் இருந்தது.

மெதுவாகத் தட்டைத் தூக்கினாள். முதல் வரிசையில் இடது ஓரத்தில் இருந்தவள் தீப்பந்தம் ஏந்திய சீரிஸ். ஆனால் அது முதல் நாணயம் இல்லை. ஏழாவது நாணயம். புரட்டியதில் அது முதல் இடத்துக்கு வந்திருக்கிறது. முதல் நாணயமோ வலது ஓரத்தில், ஜூனோவைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

பழைய படத்தைத் திரையில் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். சீரிஸிலிருந்து ஜூனோ வரை ஏழு தேவிகளும் அதே வரிசையில், அதே இடத்தில் நின்றார்கள்.

பக்கவாட்டில் புரட்டினால் இடது வலதாகும். ஒன்று ஏழாகும், இரண்டு ஆறாகும், மூன்று ஐந்தாகும். மேலும் கீழும் மாறாது. அதனால் ஒவ்வொரு தேவியும் அதே வரிசைக்குள்ளேயே, அதே பேரரசிக்கே போய்ச் சேர்ந்திருக்கிறாள். ஃபாஸ்டினாவின் முகத்துக்கு டோம்னாவின் தேவி வந்திருந்தால் இத்தனை வருடத்தில் படித்தவர் யாராவது சிரித்திருப்பார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. நடுவில் இருப்பது மட்டும் நடுவிலேயே இருக்கும். அவள் காகிதத்தை எடுத்தாள். நான்கு, பதினொன்று, பதினெட்டு, இருபத்தைந்து, முப்பத்திரண்டு. தட்டின் மேல் விரலை வைத்து எண்ணினாள். ஐந்தும் ஒன்றன்கீழ் ஒன்றாக, நட்ட நடுவில், ஒரே நேர்கோட்டில் இருந்தன.

கெட்டிக்காரன் யாரும் எதையும் விட்டு வைக்கவில்லை. நான்கு வருடத்துக்கு முன் ஒரு மதியம், இவள் தட்டைப் புரட்டிவிட்டு, எண்களைப் புரட்ட மறந்திருக்கிறாள். அவ்வளவுதான்.

மணி மூன்று ஐந்து. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அப்பால் அவன் முழங்கையைத் தொடையில் ஊன்றித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதை வேறு விதமாகச் சொல்லவும் வழி இருந்தது. படத்தில் ஏதோ கோளாறு, கம்ப்யூட்டர் மாற்றிவிட்டது என்றால் இயக்குநர் நம்பிவிடுவார். அவருக்கு வேண்டியது நிம்மதி மட்டும்தான். எழுந்து போகிற வழியில் கதவைத் திறந்து அவனையும் கூப்பிட்டாள். காவலாளியையும் வரச் சொன்னாள்.

இயக்குநர் மேசையில் இரண்டு தட்டையும் வைத்துப் புரட்டிக் காட்டினாள். அவருக்குப் புரிய மூன்று தரம் புரட்ட வேண்டியிருந்தது. கடைசியில் காவலாளிதான், "கண்ணாடில சட்டைப் பை மாறித் தெரியுற மாதிரி" என்றான்.

"தப்பு என்னோடது சார். படமெடுத்தது நான், எண் போட்டது நான். இவரு மேல சந்தேகப்பட்டதும் நான்தான்" என்றாள் அவள்.

இயக்குநர் முதலில் பெருமூச்சு விட்டார். அப்புறம்தான் அந்தப் படங்களைப் போட்டு அச்சடித்து விற்ற கையேடு நினைவுக்கு வந்து முகம் சுளித்தார். முப்பது தேவிகள் அதில் தப்பான எண்ணில் நிற்கிறார்கள். திருத்தம் எழுதி எல்லோருக்கும் அனுப்ப வேண்டும், இவள் பெயரைப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்றார். சரி என்றாள். காவலாளி கொழுந்தனின் முதுகில் லேசாகத் தட்டிவிட்டு வாசலுக்குப் போனான்.

அறைக்குத் திரும்பி அவள் பேனாவை எடுத்தாள்.

"அப்படியே போடாதீங்க" என்றான் அவன். கதவருகிலேயே நின்றிருந்தான். "ஒரு வரிசைதானே பாத்தீங்க? முப்பத்தஞ்சும் பாருங்க. ஒண்ணு விடாம."

"கணக்கு ஒத்துப்போச்சுப்பா. ஒண்ணு ஏழுன்னா எல்லாம்..."

"பாருங்க."

உட்கார்ந்து பார்த்தாள். அவன் எதிரில் நின்று எண்ணைச் சொல்ல, அவள் பழைய படத்தில் அதற்கு எதிர் எண்ணைத் தேடி ஒப்பிட்டாள். எட்டுக்குப் பதினான்கு. ஒன்பதுக்குப் பதின்மூன்று. மயில் பக்கத்தில் நிற்கும் ஜூனோ, சிங்கங்களுக்கு நடுவில் உட்கார்ந்த தேவர்களின் தாய், ஆப்பிள் ஏந்திய வீனஸ். எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். ஏற்கெனவே சரிக்குறி போட்ட நடு நாணயங்கள் வந்தபோது அவற்றையும் விடவில்லை அவன். இருபத்தாறாவதில், தன்னை அறியாமல் அவள் நாணயத்தைச் சாய்த்து விளிம்பைப் பார்த்தாள். கோடு எதுவும் இல்லை. நிமிர்ந்தபோது அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அதைக் கீழே வைத்தாள்.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டாள்.

"அந்த ராணி எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"பீரோவுல."

"அவருக்குச் சொல்ல மாட்டேன்."

அவன் தட்டின்மேல் கண்ணாடியை மூடி, நாடா ஒட்டி, இரும்பு அலமாரியைத் திறந்தான். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வழக்கமாக இருவரும் ஒரே வண்டியில் வீடு திரும்புவார்கள். வழியெல்லாம் அவன்தான் பேசுவான்.

"வா, போகலாம்."

"கொஞ்சம் இருங்க மேடம்" என்றான். அறையில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. அவன் கண்ணைச் சிமிட்டவும் இல்லை. "நான் உள்ள வைக்கிறத நீங்க பாத்துடுங்க. நாளைக்கு யாரும் கேக்கக் கூடாது."

தட்டை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தான், சிவப்புப் புள்ளி அவளுக்கு நன்றாகத் தெரியும்படி. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, அவன் அதை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திப் பூட்டும்வரை, அவன் சொன்னபடியே பார்த்துக்கொண்டு நின்றாள்.